மண்கும்பானில் நான் நிரப்பிய பத்துப் பைகள்

1. முதல் நாள்

போர் ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் மண்கும்பான் கடற்கரையில் கனிமணல் தேட ஒரு குழு வந்தது. கிணறு வெட்டுகிறவன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு ஓகர் பிடிக்கும் வேலை. ஓகர் என்பது கையால் முறுக்கி மண்ணுக்குள் இறக்கும் துளைகருவி. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டேன்.

பொறுப்பாக வந்த அதிகாரியை 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம்; இளையவர். எங்களை இருத்தி விளக்கினார். மலைப்பாறைகள் தேய்ந்த துகளை ஆறுகள் கடலில் சேர்க்கின்றன. அலை இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போக, பாரமான கறுப்பு இல்மனைட் கரையில் தங்கிவிடுகிறது. பெயின்ற் செய்ய உதவுமாம். ஆழம் வரை இருந்தால் ஒரு கொம்பனி மெசின் கொண்டுவந்து அள்ளுமாம். பத்துத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை வரும் மண்ணைக் கலந்து ஒரு பை நிரப்பச் சொன்னார்.

மாரி முடிந்த நேரம். கரையில் கறுப்பு மணல் கோடு கோடாகக் கிடந்தது. வீட்டுக்கு வந்தவருக்கு நல்ல மாம்பழமாகப் பொறுக்கிக் கொடுப்பதுதானே எங்கள் வழக்கம். நானும் கறுப்பாகப் பார்த்துப் பார்த்துப் பத்துப் பைகளையும் நிரப்பினேன். சேருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாளைக்கே கொழும்புக்கு அறிவிக்கப் போவதாகச் சொன்னார்.

2. அரிக்கன் சட்டி

மறுநாள் சரிபார்க்கவென்று சேர் இன்னொரு துளை போடச் சொன்னார்; ஆனால் மணல் அலசிப் பார்க்கும் தட்டு லொறியோடு யாழ்ப்பாணம் போய்விட்டது. சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி, வீட்டுக்குப் போய் அரிக்கன் சட்டியை எடுத்து வந்தாள். அரிசியில் கல் அரிக்கும் மண்சட்டி. உள்ளே வரி வரியாக இருக்கும். பாரமானது அந்த வரியில் நின்றுவிடும். அன்று போட்ட புதுத் துளையின் அடிமண்ணை அதில் போட்டுச் சுழற்றி அலசினாள். கறுப்பு ஒரு நகக்கண் அளவுகூட மிஞ்சவில்லை.

சேர் குழம்பிப்போனார். மனைவி என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நேற்று நீங்கள் எங்கை அள்ளினனீங்கள்?"

வாய் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால், ஊருக்கு நல்ல தண்ணீர் தரும் இந்தக் கரை மணல் மேட்டில் என் பொய்யை நம்பி மெசின் இறங்கும். பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன்.

"மேல் மண்ணிலை நல்லதாப் பொறுக்கிப் போட்டனான் சேர். பிழை என்ரைதான்."

சேர் பத்துப் பைகளையும் தானே கவிழ்த்துக் கொட்டினார்.

"அண்ணை, நீங்கள் நல்லதாப் பொறுக்கி எனக்கு விருந்தெல்லோ வைச்சிருக்கிறியள். திரும்பக் கிண்ட ஏலுமோ?"

"ஓம் சேர்."

கரையில் வேலை செய்ய எங்களுக்கு மிச்சம் இரண்டு நாள்தான் அனுமதி இருந்தது. கை கொப்பளிக்கப் பத்துத் துளையும் திரும்பப் போட்டேன். ஒவ்வொன்றையும் மனைவி அலசினாள். கறுப்பு மேல் சாண் அளவோடு சரி. அள்ளும் அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை. வர இருந்த கொம்பனியை ஒரு சட்டியாலே கலைத்துத் துரத்திவிட்டோம் என்று ஊரில் நக்கலடித்தார்கள்.

போகும்போது சேர் வேலை விபரம் எழுதும் தன் பீல்ட் புக்கை விரித்துக் காட்டினார். துளைத்தவர் என்ற இடத்தில் என் பெயர். அலசியவர் என்ற இடத்தில் மனைவியின் பெயர்.

"இஞ்சை கனிமணல் இல்லை எண்டு எழுத எனக்கு இப்ப பயமில்லை அண்ணை."

அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் ஓகர் பிடித்துவிட்டேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மண் தந்ததை முழுதாகப் பையில் போடுங்கள். ஒரு கைப்பிடிகூடப் பொறுக்காதீர்கள்.