வள்ளம் பிந்தியவள்

பார்வையாளர் நேரம் பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை. கண் சத்திரசிகிச்சைக்குப் படுத்திருந்த நான், வேலையிலிருந்து இளைப்பாறிய அரச அதிகாரி, வார்டுச் சுவரில் இருந்த அந்த விதியை ஒற்றைக் கண்ணாலேயே பிழையின்றி வாசித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் நெடுந்தீவு மீனவர் ஒருவர். மறுநாள் அவருக்குச் சத்திரசிகிச்சை. அவர் மனைவி ஒன்று இருபதுக்கு வந்தாள். தாதியிடம் விதியைச் சொல்லி அவளை வாசலிலேயே நிறுத்துவித்தேன். பிந்தி வருவோரையும் உள்ளே விடுகிறார்கள் என்று மேலிடத்துக்கு முறைப்பாடும் எழுதினேன்.

“அண்ணை, உங்கட விதிக்கு எங்கட வள்ளம் வாற நேரம் தெரியுமோ?” என்று அவர் முறைத்தார். பிறகு, அவள் கொடுத்தனுப்பிய சோற்றுப் பார்சலில் பாதியை என் பக்கம் தள்ளினார். “இந்தாங்கோ, சாப்பிடுங்கோ. பசியோட விதி வாசிக்க ஏலாது.”

வெட்கத்தோடு சாப்பிட்டேன். முறைப்பாட்டை மீளப்பெறுவதாக அன்றே எழுதினேன்.

மாதங்கள் கழித்து, மற்றக் கண்ணுக்காக மறுபடி படுத்திருந்தேன். வேலணை பஸ் பிந்தியதால் என் மனைவியை வாசலில் மறித்துவிட்டார்கள். சோற்றுப் பார்சலும், வீட்டுக்கு வந்திருந்த பதிலும் மட்டும் உள்ளே வந்தன: ‘தங்கள் முறைப்பாடு நியாயமானது. இனிப் பிந்தி வரும் எவரும் அனுமதிக்கப்படமாட்டார்.’

பதில் கைக்குக் கிடைத்ததைக் குறித்து வைத்திருக்கிறேன்: தைப்பொங்கலுக்கு மறுநாள், பகல் ஒன்றே கால்.