கலங்கி நின்ற மூன்றாவது குழாய்

மரச்சட்டத்தில் செருகிய ஐந்து கண்ணாடிக் குழாய்கள். அறுபதுகளில், பம்பாயில் ஒரு கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளனாக இருந்தபோது எத்தனை ஆயிரம் கழுவியிருப்பேனோ, நினைவில் நிற்பது அந்த ஒரு வரிசைதான். தன் மாட்டின் முடிவு கேட்க வந்த செம்பூர் பால்காரக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணி கணக்கா தெளிஞ்சிருக்கே தம்பி, எம் மாட்டுக்கு ஒண்ணுமில்லல்லா?"

தெளிந்தால் நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் கூடத்தில் அது தலைகீழ். மாட்டு ரத்தத்தின் தெளிநீரைக் குழாய்க்குக் குழாய் பாதியாக நீர்க்கவைத்து, கன்றுவீச்சு நோயின் செத்த கிருமிகளைக் கலந்து ஒரு நாள் வைப்போம். நோய் தொற்றி, அதை எதிர்க்கும் சக்தி ரத்தத்தில் உண்டாகியிருந்தால் கிருமிகள் திரண்டு அடியில் படியும், மேலே தெளியும். இல்லையென்றால் கலங்கலாகவே நிற்கும். அக்காவின் சிவப்பிக்கு முதல் இரண்டு குழாய்கள் தெளிந்திருந்தன. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

பக்கத்துத் தபேலாவில், அதாவது மாட்டுக் கொட்டிலில், ஓர் எருமை குறைமாதத்தில் கன்று வீசியதால்தான் அங்கிருந்த மாடுகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்தோம். சிவப்பி ஐந்து மாதச் சினை. நோய் என்று எழுதினால் அவளை விலக்க வேண்டும். சேதி பரவினால் மாட்டுங்காவில் அக்கா பால் ஊற்றும் வீடுகள் அத்தனையும் கதவைச் சாத்தும். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

எங்கள் மராட்டிக்கார டாக்டர் அவசரப்படவில்லை. கன்றாக இருக்கையில் தடுப்பூசி போட்டிருந்தாலும் ஒன்றிரண்டு குழாய் தெளியும், போட்ட மாட்டுக்குக் காதுக்குள் பச்சை குத்தியிருப்பார்கள், காதைப் பார்த்தாயா என்று இந்தியில் கேட்டார். சிவப்பி ஒரு பண்ணையில் வாங்கிய மாடுதான். ஆனால் வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் பிள்ளைக்குப் போலக் காது குத்துகிறேன் என்று அக்கா ஊர்ச் சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தார். குத்திய இடம் சீழ் வைத்து, இரண்டு காதும் உள்ளே தழும்பேறிச் சுருங்கியிருந்தன. "சாமிக்குச் செஞ்சது தம்பி. அதுக்குள்ள எழுத்து இருக்கும்னு எனக்கு யாரு சொன்னா?"

மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்பது என்றானது. தெளிவு மூன்றாவது, நான்காவது குழாய்க்கு ஏறினால் நோய். நின்ற இடத்திலேயே நின்றால் பழைய ஊசி. அதுவரை சிவப்பியின் பாலைத் தனியே கறந்து சாக்கடையில் ஊற்றினார் அக்கா. வீடுகளில் கேட்டால் அவளுக்குப் பால் வற்றிவிட்டது என்றார். வழியில் என்னைக் கண்டால் முகத்தையே பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு ரயிலுக்கு ஓடுவேன்.

இரண்டாவது முடிவன்று டாக்டர் குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"மூணாவது கலங்கியிருக்கா தம்பி? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டர் தலையசைத்தார்.

"கலங்கித்தான் இருக்குக்கா."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஈனும்வரை தனியே கட்டச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்தார். மாதம் நிறைந்து சிவப்பி கிடேரிக் கன்று போட்டாள். அதற்கு மட்டும் காது குத்தவில்லை.

இப்போது என் ரத்தப் பரிசோதனை முடிவு கைப்பேசியில் வருகிறது, பளிச்சென்று 'நார்மல்' என்ற ஒரே சொல்லில். பிள்ளைகள் படித்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். எனக்கோ, மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த மூன்றாவது குழாய் கலங்கலாக எதிரே வந்து நின்றால்தான் எனக்கு மூச்சு வரும்.