படத்தில் இல்லாத வலி

“படத்துல தெரியாத வலி இந்த உலகத்துலயே கிடையாது.”

இப்படிப் பிரகடனம் செய்தவர் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். ஊழியர்கள் அவரைப் படக்காரர் என்பார்கள். டாக்டர்கள் படத்தைப் பார்க்குமுன் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் நோயாளி வீட்டுக்குப் போகலாம். முனகிக்கொண்டு போவது அவரவர் சொந்த விருப்பம்.

பிரகடனம் வெளியான இடம் ஊழியர் சங்கக் கூட்டம். பேச வந்திருந்த தத்துவப் பேராசிரியர் ஒரு குகைக் கதை சொன்னார். பிறந்ததிலிருந்தே சிலரைச் சுவரைப் பார்த்தபடி கட்டிப்போட்டிருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் நெருப்பு. நடுவே யார் யாரோ எதை எதையோ தூக்கிக்கொண்டு போகிறார்கள். சுவரில் விழும் நிழல்தான் கட்டுண்டவர்களுக்கு உலகம். ஒருவன் மட்டும் கட்டு அவிழ்ந்து வெளியே போய், சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உண்மையைச் சொல்கிறான். மற்றவர்கள் அவனைப் பைத்தியம் என்கிறார்கள்.

“இதுல நீங்க யாரு?” என்று பேராசிரியர் கேட்டார்.

படக்காரர் எழுந்தார். “சந்தேகமே வேணாம் சார். வெளிய போயிட்டு வந்தவன் நான்தான். கட்டிப்போட்டிருக்கறது நோயாளிங்கள. இங்க வலிக்குது, அங்க குத்துதுன்னு தோல நம்பி ஏமாறுறாங்க. நான் உள்ள இருக்கறதப் பாக்கறேன்.” தொடர்ந்து வந்ததுதான் மேற்படி பிரகடனம்.

“ஆனா தம்பி, எக்ஸ்ரே படமே எலும்போட நிழல்தானே?”

“உங்க நிழல் சுவத்துல விழுந்துச்சு சார். என்னோடது கவர்ல போட்டு, சீல் குத்தி வருது.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பேராசிரியர் தண்ணீர் குடித்தார். ஜன்னலே இல்லாத அறையில், படத்தை மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டியை வெறித்தபடி காலம் தள்ளும் ஒருவர் தம்மைச் சூரியனைக் கண்டவராகக் கருதுவதில் தவறில்லை. இந்தக் கதையைக் கேட்ட எவரும் தாம் கட்டுண்டவர் என்று இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. அந்தக் கணக்குப்படி குகை எப்போதோ காலியாகி, வாடகைக்கு விடப்பட்டிருக்க வேண்டும்.

ஓங்கிக் கைதட்டியவர்களில் படக்காரர் மனைவியின் தம்பியும் ஒருவர். அதே ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர். சில மாதங்கள் கழித்து அவர் இடுப்பில் வலி குடியேறியது. குனிந்தால் நிமிர முடியவில்லை. உட்கார்ந்து சீட்டு எழுதும் கவுன்ட்டருக்கு மாற்றல் கேட்டார். படம் எடுத்து வரச் சொன்னார் நிர்வாக அதிகாரி. எடுத்தவர் அத்தானேதான்.

“சுத்தமா இருக்கு மாப்ளே. பச்சப்புள்ள எலும்பு மாதிரி.”

“அத்தான், இடுப்புலேர்ந்து கால் வரைக்கும் இழுக்குது.”

“படத்துல இல்லையே.”

“என் இடுப்புல இருக்கே!”

“உன் இடுப்புல சீல் குத்தி ஆபீஸுக்கு அனுப்ப முடியுமா?”

அதிகாரி கேட்டபோது படக்காரர் உதட்டைப் பிதுக்கினார். சொந்தக்காரர் என்பதற்காக உண்மையை வளைக்க அவர் என்ன சாதாரண மனிதரா? மாற்றல் இல்லையென்று ஆனது. மைத்துனர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். ஒருநாள் சரிவுப் பாதையில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். ஸ்ட்ரெச்சர் தானாக ஓடிச் சுவரில் மோதியது. மேலே இருந்த நோயாளிக்கு அடியில்லை. புகார் கொடுக்கும் அளவு தெம்பும் இருந்தது. கவனக்குறைவு என்று மைத்துனரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

“என் தம்பி பொய் சொல்றானா?” என்றாள் மனைவி.

“பொய்ங்கல. அவனுக்குத் தெரியலங்கறேன்.”

“அவன் இடுப்பு வலிக்கறது அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அப்படித்தானே?”

அதன்பிறகு அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

எக்ஸ்ரே கதிர் உடம்பில் படாமலிருக்கப் படக்காரர்கள் ஈயம் வைத்த அங்கி மாட்டிக்கொள்வார்கள். நல்ல கனம். வருஷக்கணக்கில் அதைச் சுமந்த முதுகு ஒரு காலையில், செருப்பு மாட்டக் குனிந்த நேரத்தில், தன் கருத்தைத் தெரிவித்தது. கொள்கைப் பிடிப்புள்ளவர் என்பதால் அவர் முதலில் அதை நம்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போய், அடுத்த ஷிஃப்ட்காரரிடம் தன் முதுகைப் படம் எடுக்கச் சொன்னார். நேராக, பக்கவாட்டில், மறுபடியும் நேராக.

“ஒண்ணுமே இல்லண்ணே. குடுத்து வெச்ச முதுகு!” என்றார் அவர்.

படக்காரர் விளக்குப் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றார், உட்கார முடியாததால்.

அன்று மாலை படக்காரர் மைத்துனரின் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருவரும் ஒரே கோணத்தில் சாய்ந்து நின்றார்கள்.

“என்ன அத்தான்?”

தெருவில் தெரிந்தவர்கள் யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, படக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“மாப்ளே… இத வெச்சுக்கிட்டு எப்படித்தான் படுக்கறது?”