பகல் தூக்கமும் பக்கத்துச் சுவரும்

பகல் வேளையில் லிஃப்ட் மெக்கானிக்குக் குரலே கிடையாது. குடித்த டம்ளரைத் தொட்டியில் போடமாட்டார்; கையோடு கழுவித் துணியின் மேல் வைப்பார். கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாளை விரலால் பிடித்துக்கொள்வார். தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடுவார். நல்ல உயரம், அதற்கேற்ற பருமன். அந்த உடம்பைப் பஞ்சுமூட்டை மாதிரி தூக்கித் தூக்கி வைத்து நடக்கப் பழகியிருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். விடிந்த பிறகு வந்து, குளித்து, ஒரு வாய் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பாள். கல்யாணமான புதிதிலிருந்தே அந்த வீட்டில் பகல்தான் ராத்திரி.

முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் அவர் வேலையை விட்டார். வாழ்நாளெல்லாம் அவர் செய்த வேலையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கும் மெக்கானிக்கின் ஞாபகம் வராது. நின்றால் வரும், அதுவும் திட்டுவதற்கு. இனிமேலாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். மலைகளை மரத்தில் செதுக்குவது என்று முடிவு செய்தார். சரிவு, பள்ளம், ஓடை எல்லாம் இருக்க வேண்டும். சுவரை அடைத்து நிற்கிற அளவுக்கு இருக்க வேண்டும்.

அதற்காக அவர் கண் வைத்திருந்தது ஒரு பெரிய சி.என்.சி. ரவுட்டர். கம்ப்யூட்டர் சொல்கிற வழியில் வெட்டுமுனை தானாக ஓடி மரத்தைக் குடையும். எட்டடிக்கு நாலடிப் பலகை முழுசாக அதன் மேல் படுக்கும். இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, வீட்டை ஒட்டியிருந்த கார் ஷெட்டைக் காலி செய்தார். மனைவியின் தம்பி எலக்ட்ரீஷியன். அவனைக் கூட வைத்துக்கொண்டு தரையில் சாக்பீஸால் இயந்திரத்தை அதன் நிஜ அளவுக்கே வரைந்தார்.

"மாமா, மெஷின் உள்ள வந்துரும். நீங்க எங்க நிப்பீங்க?"

"சுத்தி நடக்க ரெண்டடி விட்டிருக்கேன்டா."

"ரெண்டடியா? உங்க வயித்துக்கே ஒண்ணரை போயிருமே."

"உன் வாய்க்குத்தான் மாப்ள தனியா எடம் ஒதுக்கணும். டேப்பைப் பிடி."

இயந்திரம் அடங்கியது. அடங்காதது பலகைதான். கேட்டின் வழியாக அதை இரண்டு பேர் நிமிர்த்திக் கொண்டுவந்து, திருப்பி, மேசை மேல் கிடத்த வேண்டும். பழைய கதவு ஒன்றைப் பலகை என்று வைத்துக்கொண்டு இருவரும் ஷெட்டுக்குள் தூக்கிச் சுற்றினார்கள். சாக்பீஸ் கோட்டைக் குறுக்காகப் போட்டுப் பார்த்தார்கள்; தூண் இடித்தது. கேட்டுப் பக்கம் நகர்த்தினால் திரும்பவே இடமில்லை. கடைசியில் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியது. வீட்டுச் சுவரை ஒட்டி, நீளவாட்டில். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் கட்டில் கிடந்தது, தலைமாடு சுவரில் படுகிற மாதிரி.

அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒருநாள் அவர் அந்தக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். ஷெட்டில் மச்சான் கை ரவுட்டரை வைத்து ஒரு துண்டுக் கட்டையைக் குடைந்தான். கொஞ்சம் குடைவான், நிறுத்துவான், மறுபடி குடைவான். ஒவ்வொரு தடவை அது எழும்பியபோதும் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தூங்கிட்டீங்களா மாமா?"

"பல்லு கூசுதுடா."

நடுவில் பஞ்சு அடைத்து இரட்டைச் சுவர் எழுப்பலாம் என்றான் மச்சான். அந்தச் சுவர் தின்கிற இடத்தில் பலகை திரும்பாது. ராத்திரி ஓட்டலாமென்றால் தெரு தூங்கும். பகலில் ஓட்டலாமென்றால் வீடு தூங்கும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற சாயங்காலம் ஒரு மலையில் பாதிக்குக்கூடக் காணாது. அவர் ரொம்பப் புரண்டு யோசிக்கவில்லை. விற்பவருக்குப் போன் போட்டு, பத்து நாள் பொறுங்கள், பெரும்பாலும் வேண்டாமென்றுதான் சொல்வேன் என்றார். பிறகு ஈரத்துணியை எடுத்து, வலிக்கிற முழங்காலை ஊன்றி, ஷெட் தரையைத் துடைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் துணி உலர்த்த வந்த மனைவி வாசற்படியிலேயே நின்றாள். இத்தனை நாளும் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோட்டைச் சுற்றியே போய்வந்தவள். வராத இயந்திரத்தின் மேல் அவள் ஒருநாளும் காலை வைத்ததில்லை.

"ஏங்க, கோடெல்லாம் எங்க?"

"பெரிசும்மா. சரிப்படல."

"சரிப்படுதுன்னு தம்பி சொன்னானே."

"அவன் கெடக்கான்."

வாளியைக் கீழே வைத்தாள். "என் தூக்கத்துக்காகவா?"

கொடியில் கிடந்த கிளிப்பை எடுத்து அதன் ஸ்பிரிங்கை அவர் சோதித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க. பகல்ல நான் நல்லாத் தூங்கி வருஷக் கணக்காச்சு. உங்களாலதான்."

"நானா? நான் மூச்சுக்கூட விடறதில்லையே."

"அதத்தான் சொல்றேன். நீங்களும் மூச்சு விடமாட்டீங்க, வீட்டையும் விட விடமாட்டீங்க. கிணத்துக்குள்ள படுத்த மாதிரி இருக்கும். அதுல நீங்க ஒரு டம்ளரை மெதுவா வைப்பீங்க பாருங்க, எனக்கு அது இடி. அடுத்தது என்னத்த வைக்கப் போறாரோன்னு காது முழிச்சுக்கிட்டே கெடக்கும்."

கிளிப் அவர் விரலில் திறந்தபடியே நின்றது.

"வார்டுல ராவெல்லாம் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்துல யாரும் முழிக்கறதில்ல. ஏதாவது ஒண்ணு நின்னா அத்தனை பேரும் எந்திரிச்சு ஓடுவோம். சத்தம் இருக்கட்டுங்க. விட்டு விட்டு வரக்கூடாது, அவ்வளவுதான்."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"அவ்வளவு பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு அவ்வளவு பாடுபட்டு நடக்கறீங்க. எப்படிச் சொல்றது?"

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாளித் துணி அப்படியே கிடந்தது.

மறுநாள், இயந்திரத்தை அனுப்பச் சொல்லி விற்பவருக்கு மறுபடி போன் போனது. மச்சானிடம், "உங்கக்காவுக்குச் சத்தம் வேணுமாம்டா" என்றார்.

"அதுக்கு நான் பொறந்ததே போதாதா மாமா?"

திட்டம் தலைகீழானது. அதுவரை சத்தத்தை எப்படிக் கொல்வது என்று பார்த்தவர், இப்போது அதை எப்படி நிறுத்தாமல் வைத்திருப்பது என்று பார்த்தார். மரத்தூசியை இழுக்கிற மோட்டார் ஒன்று இயந்திரத்தோடு ஓட வேண்டும். இயந்திரம் நின்றால் அதுவும் நிற்கிற மாதிரிதான் வழக்கமாக இணைப்பார்கள். இவர் அதற்குத் தனி வயர், தனி ஸ்விட்ச் போடச் சொன்னார். வெட்டுமுனையை மாற்றுகிற நேரத்திலும் அந்த இரைச்சல் அறுபடாமல் இருக்க வேண்டும். வெட்டுகிற கீச்சு அதற்கு மேலே எழும்பிவிடாதபடி இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தார். கார் கழுவிய தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்ட தரை அது. ஒவ்வொரு காலாக உயர்த்தி மட்டம் பிடித்தார்கள். மச்சான் வயர் இழுத்துக்கொண்டே, "தாலாட்டுக்கு மாசாமாசம் கரண்டு பில்லு வரும், பாத்துக்கங்க" என்றான். அவர் இருந்தவரைக்கும் அந்த ஷெட்டில் மோட்டாருக்குத் தனி ஸ்விட்ச்தான்.

முதல் மலையை வெட்டிய அன்று, மனைவி படுக்கப் போகும்போதே மோட்டாரைப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரம் விட்டு வெட்டுமுனை இறங்கியது. மரம் சுருள் சுருளாக எழும்பிக் குழாய்க்குள் போனது. சிகரம் மெல்ல மேலே வந்தது. அவர் அதைப் பார்த்ததைவிடச் சுவரைப் பார்த்ததுதான் அதிகம். எழுந்துபோய் எட்டிப் பார்க்க முடியாது. ஓடுகிற இயந்திரத்தை விட்டு நகரக்கூடாது. சூடேறி ஒரு பொறி தூசியில் விழுந்தால் போதும். தூங்குகிறாளா, கண்ணை மூடிக்கொண்டு தனக்காகச் சகித்துக்கொண்டிருக்கிறாளா? அவள் அப்படியும் செய்யக்கூடியவள்தான்.

நினைத்ததைவிடச் சீக்கிரமே வேலை முடிந்தது. வெட்டுமுனை மேலேறி நின்றது. மோட்டாரை அணைக்கக் கை ஸ்விட்சுக்குப் போனது. தொட்டவர் அப்படியே கையை எடுத்துக்கொண்டார். மூன்று மணி ஆக இன்னும் நிறைய நேரம் இருந்தது.

காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். இழுப்பதற்கு ஒன்றுமில்லாமல் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பிரஷால் ஓடைகளில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினார். பிறகு தட்ட ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் போகவில்லை.

வேலை முடித்து வந்த மச்சான் கேட்டில் நின்று கத்தினான். "முடிஞ்சுதா மாமா?"

தலையாட்டினார்.

"அப்புறம் எதுக்கு இது ஓடுது?"

அவர் சுவரைக் காட்டினார். மச்சான் சுவரைப் பார்த்தான், ஸ்விட்சைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். கேலிக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

நிழல் கேட்டுக்கு வெளியே போன பிறகுதான் அவள் வந்தாள். கூந்தல் அவிழ்ந்திருந்தது. ஒரு கன்னத்தில் தலையணை மடிப்பு ஆழமாகப் பதிந்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

"இன்னுமா முடியல?"

"இதோ, இப்பத்தான்" என்று மோட்டாரை அணைத்தார். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டான்.

"மணி என்னங்க?"

"அஞ்சாகப் போகுது."

"அஞ்சா? டியூட்டிக்கு நேரமாச்சே. இவ்வளவு நேரம் இங்கதானே உக்காந்திருந்தீங்க, ஒரு குரல் குடுத்து எழுப்பக்கூடாதா?"

"மறந்துட்டேம்மா" என்றார் அவர்.