இரண்டு எருமைக்குப் போன துவக்கு

துவக்கை விற்றது நான்தான். என் கணவர் விற்றார் என்று ஊரில் இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். பாவம், அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. அரசாங்கக் கச்சேரிக்குப் போய்க் கையெழுத்து வைத்தது அவர், வைக்கப் பண்ணியது என் வாய். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சின்ன வயதில் அது ஒரு பெருமையாக இருந்தது.

அது என் அப்பாவின் துவக்கு. ஒற்றைக் குழல். குழல் வாயால் மருந்தும் ஈயமும் போட்டுக் கம்பியால் இடித்து நிரப்ப வேண்டும். அதனால் அதை இடியன் என்போம். எங்கள் வீடு எழுவான்கரையில், கடற்பக்கம். வயல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், காடு வந்து முட்டுகிற வட்டையில், பெரிய வயல்வெளியில். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். எனக்குச் சீதனம் எழுதிய அன்று அப்பா இடியனையும் சேர்த்தே தந்தார். "காட்டோரத்து வயலத் துவக்கில்லாமக் குடுத்தா, அது பண்டிக்குக் குடுத்த சீதனம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

எனக்கு ஒரே ஒரு தம்பி. அவனுக்கு வாய்த்த மனைவியின் வயலும் எங்கள் வயலுக்குப் பக்கத்திலேயே அமைந்தது. நடுவில் ஒரு வரம்புதான். அப்பா இருந்தவரைக்கும் அவர் அந்த வரம்பில் நின்று இரண்டு பக்கத்துப் பன்றியையும் விரட்டினார். ஒரு வெடி வைத்தால் இரண்டு வயலுக்கும் காவல். யாருடைய துவக்கு, யாருடைய வயல் என்ற பேச்சே எழவில்லை.

அப்பா செத்து முப்பத்தோராம் நாள். சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார்கள். தம்பி எழும்பிச் சுவரில் தொங்கிய இடியனைத் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா, இத எனக்குத் தாங்க. இது ஆம்பிளைச் சாமான். அத்தான்ட கையில இது உலக்கை" என்றான்.

முற்றம் முழுக்கச் சிரித்தது. என் கணவரும் சேர்ந்து சிரித்தார். அவருக்குச் சுட வராது என்பது உண்மைதான். ஒருமுறை பன்றிக்கு வைத்த வெடி எங்கள் தண்ணீர்க் குடத்தில் பட்டு, வயல் காவலுக்குப் போட்ட வாடிக் குடிசை முழுக்க வெள்ளமாகிவிட்டது. அதை நானே எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் நான் சொல்லிச் சிரிப்பது வேறு, என் தம்பி நாலு பேர் முன்னால் சொல்வது வேறு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அது என்ட சீதனத்தில வந்தது. ஆத்தில தூக்கிப் போட்டாலும் போடுவனேயொழிய உனக்குத் தரமாட்டன்" என்றேன்.

சொன்ன சொல்லை அங்கேயே விட்டிருக்கலாம். அவன் விட்டான். பத்து நாளில் ஒரு வாழைக்குலையோடு வந்து வாசலில் நின்றான். "பகிடிக்குச் சொன்னதுக்கா. மனசில வெச்சிக்காதீங்க. இந்தப் போகத்துக்கு மட்டும் தாங்க. பண்டி மூக்கு வெச்சிட்டு. வெள்ளாமை தப்பாட்டி அவள்ர ஆக்கள்ர முகத்தில நான் என்னெண்டு முழிக்கிற?" என்றான். மனைவி வீட்டில் போய் இருக்கிறவனுக்கு ஒரு போகம் அழிந்தால் அது என்ன தலைக்குனிவு என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வாழைக்குலையை வாங்கிக்கொண்டேன். துவக்கைக் கொடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றன்" என்று அனுப்பினேன். யோசிக்க என்ன இருந்தது? இன்னொரு தடவை வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அவன் கேட்கிறதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவன் வரவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஏறியது. மேற்கே மாட்டுப் பட்டி வைத்திருந்த ஒருவர், புலி கன்றுகளைத் தூக்குகிறது, ஒரு துவக்கு வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு திரிந்தார். இரண்டு கறவை எருமைகளுக்கு இடியனைக் கொடுத்துவிட்டேன். ஊர்த் தலைவர், எங்கள் விதானையார், சாட்சியாக நிற்க, கச்சேரியில் லைசன் பெயர் மாறியது. மாசி மாதம் அது.

தம்பி வரம்பில் நின்று எருமைகளைப் பார்த்தான். "நல்ல எருமை. இதுகளக் காவலுக்குக் கட்டினாப் பண்டி வராதாக்கும்" என்றான். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. வரம்பின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்கள். தண்ணீர் திருப்புவதற்குக்கூட வேறு ஆளிடம் சொல்லி அனுப்பினோம்.

சிறுபோகம் விதைத்துப் பயிர் முழங்கால் உயரம் வந்ததும் பன்றிகள் வந்தன. நாங்கள் தகரம் தட்டினோம், கத்தினோம். எங்கள் பக்கம் ஆள் அதிகம் என்று அவை தம்பியின் பக்கம் போயின. ஒரே கிழமையில், ஏழே நாளில், அவன் வயலில் பாதி உழுதுவிட்டது போலக் கிடந்தது. அவன் தனியாள். எத்தனை இரவுதான் முழித்திருப்பான்? கடைசியில் கட்டுத்துவக்கு வைத்தான். ஒரு இரும்புக் குழாய், ஒரு மரக்கட்டை, பன்றி வரும் வழிக்குக் குறுக்கே ஒரு கயிறு. கயிறு இழுபட்டால் வெடிக்கும். அப்படிக் கட்டுவது சட்டத்துக்கு விரோதம். பிடித்து மறியல் வீட்டில் அடைப்பார்கள். அது எல்லாருக்கும் தெரியும், காட்டோரத்தில் பலர் கட்டினார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. கட்டுத்துவக்கு வைத்தவன் அந்த வழியின் இரண்டு தலைப்பிலும் ஒரு கம்பை ஊன்றி, அதில் பச்சைக் குழை, ஒரு இலைக்கொத்து, கட்டிவிட வேண்டும். குழை கட்டிய கம்பைக் கண்டால் எவரும் அதற்கு அப்பால் கால் வைக்கமாட்டார்கள். விடிந்து வெளிச்சம் வந்ததும் துவக்கை அவிழ்த்துக் குழையையும் பிடுங்கிவிடுவார்கள். எந்தக் குழை என்று கணக்கில்லை. கைக்கு எட்டிய குழை. தம்பியின் வரம்பில் நின்றது ஒரு வேப்பமரம்.

வைகாசி மாதம். அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கிழமை என்ன என்று தெரியும். துறையில் தோணி கட்டுகிற முளையிலிருந்து வட்டை வரைக்கும் வேலி, படலை, வண்டி, மாட்டுக் கொம்பு, எல்லாவற்றிலும் வேப்பங்குழைதான். நேர்ந்துகொண்டவர்கள் வயல் வரம்பிலும் கம்பு ஊன்றிக் கட்டுவார்கள், அம்மாள் வயலைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பேச்சு இருந்திருந்தால் தம்பி ஒரு சத்தம் வைத்திருப்பான், "அக்கா, இந்தப் பக்கம் வராதீங்க" என்று. பேச்சு இல்லை. குழையைக் கட்டினான், அது போதும் என்று நினைத்தான்.

சடங்கு முடிகிற குளிர்த்திக்கு முதல் நாள், கிழக்கு வெளுக்கிற நேரம். நான் வாடியிலிருந்து பால் கறக்கப் போனேன். ஒரு எருமையைக் காணவில்லை. கழுத்து மணிச் சத்தம் தம்பியின் வயல் பக்கம் கேட்டது. எனக்குப் பதறிவிட்டது. எருமை மிதித்துவிடும் என்றல்ல. மிதித்தால் அவன் ஊரெல்லாம் சொல்லுவான் என்று.

"இஞ்ச பாருங்க, கெதியாப் போய் அதப் புடிச்சிட்டு வாங்க. அவன் எழும்பிப் பாக்க முன்னம் போங்க" என்று கணவரை எழுப்பி விரட்டினேன்.

"முகம் கழுவிட்டுப் போறன் புள்ள" என்றார்.

"வந்து கழுவுங்க!"

போனார். நான் பாற்செம்போடு பார்த்துக்கொண்டு நின்றேன். வரம்புத் தலைப்பில் கம்பு ஒன்று, வேப்பங்குழை கட்டி நின்றது. கணவர் அதற்கு முன்னால் நின்றார். குழையைத் தொட்டார், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கும்பிட்டுவிட்டு அதைத் தாண்டிப் போனார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சடங்கு நாளில் காலையில் அம்மாளின் குழையில் முழித்திருக்கிறார், நல்லது என்றுதான் நினைத்தேன்.

வெடிச் சத்தம் கேட்டதும் பன்றிதான் விழுந்தது என்று தம்பி வாடியிலிருந்து ஓடி வந்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோசம் எப்படி மாறியது என்பதை நான் பார்த்தேன். அதை மறக்க முடியவில்லை. "அத்தான், குழை கட்டினனே! குழை கட்டினனே!" என்று அதையே திருப்பித் திருப்பிக் கத்தினான். பிறகு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினான். நான் பின்னால் ஓடினேன். தோணியைக் கம்பு ஊன்றி அவனே தாங்கினான். துணியால் கட்டுப் போட்ட என் கணவரின் முழங்கால் என் மடியில். என் சேலையெல்லாம் இரத்தம். ஆற்றின் நடுவில் தம்பி என்னைப் பார்த்து, "அக்கா, கட்டை இறுக்கிப் புடிங்க" என்றான். மாசிக்குப் பிறகு அவன் என்னோடு பேசியது அதுதான்.

ஆசுபத்திரியில் காலை எடுக்காமல் விட்டார்கள். மடங்காத காலாக விட்டார்கள். மூன்றாம் நாள் விதானையார் வந்தார், கூடவே பொலிசும். தம்பி கதவோரம் நின்றான். நான் கட்டில் காலடியில்.

கணவர் என்னையோ தம்பியையோ பார்க்கவில்லை. "என்ட துவக்குத்தான் ஐயா. துடைக்கக்குள்ள வெடிச்சிட்டு" என்றார்.

ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர். அன்றைக்கு எவ்வளவு அழகாகச் சொன்னார்! இரண்டு இரவு வலியில் கிடந்து அதைத்தான் யோசித்து வைத்திருக்கிறார். நானும் "ஓம் ஐயா, வாடியில வெச்சித்தான்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். துவக்கை விற்றது எங்கள் இரண்டு பேருக்குமே அந்த நேரம் நினைவில் இல்லை.

விதானையார் கெட்டவர் அல்ல. அவருக்கே சங்கடமாக இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, "எந்தத் துவக்கு? மாசியில நீங்க வித்தது. நான்தானே சாட்சிக் கையெழுத்து வெச்சன்" என்றார்.

அப்பாவின் இடியன் அன்றைக்கு எங்கள் சுவரில் தொங்கியிருந்தால் அந்தப் பொய் நின்றிருக்கும். அதற்கு முன்னால் பார்த்தால், அது சுவரில் இருந்திருந்தால் பொய்யே தேவைப்பட்டிருக்காது. தம்பியின் கையில் இருந்திருந்தாலும் தேவைப்பட்டிருக்காது. அது புலிக்காகப் போய் யாருடைய பட்டியிலோ கிடந்தது.

தம்பி முன்னால் வந்தான். "அத்தான் எனக்காகப் பொய் சொல்லுறார் ஐயா. அது நான் கட்டினது" என்றான்.

ஆறு மாதம் மறியல். அவன் வயலை நான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்ல வெட்கம். இரவும் பகலும் அவன் வயலில் நின்று தகரம் தட்டினேன். அவன் மனைவி ஆள் விட்டுச் சொன்னாள், "எங்கட வயலுக்க அவ கால் வைக்கப்படாது" என்று. அவள் சொன்னது சரிதான். நான் நடு வரம்பில் நின்றே தட்டினேன். பன்றிக்கு வரம்பு தெரியுமா? அந்தப் போகத்தில் அறுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

அவன் வெளியில் வருவதற்குள் இடியனைத் திரும்ப வாங்கி அவன் வீட்டுச் சுவரில் தொங்கவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இரண்டு எருமைகளையும் ஓட்டிக்கொண்டு பட்டிக்காரரிடம் போனேன். ஒன்று கன்றும் போட்டிருந்தது, அதையும் சேர்த்து. அவர் எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "எனக்கு விளங்குது மகள். ஆனா உங்கட துவக்கு வந்த பிறகு என்ட பட்டியில ஒரு கண்டு சாகல்ல. அதக் குடுக்க ஏலா" என்றார். நான் அவரைத் திட்டவில்லை. திரும்பும் வழியில், அன்றைக்குத் தம்பி வயலுக்குப் போன அந்த எருமையைத்தான் அடித்தேன், வாயில்லாச் சீவனை. பிறகு நாட்டில் சண்டை வந்தது, துவக்கு வைத்திருப்பதே ஆபத்தாகிவிட்டது. அதன் பின் துவக்குக் கேட்டு யாரிடம் போனாலும் சிரித்தார்கள்.

தம்பி வெளியே வந்தும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அடுத்த வைகாசியில், சடங்குக் கிழமையில், ஒரு பின்னேரம் வந்தான். மெலிந்திருந்தான். படலைக்கு வெளியே நின்றான். நான் முற்றத்தில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தேன்.

"உள்ளுக்கு வா" என்றேன்.

அவன் படலையைப் பார்த்தான். அதில் நான் காலையில் கட்டிய வேப்பங்குழை.

"குழை கட்டியிருக்கே அக்கா. தாண்டலாமா?" என்றான்.

பகிடிக்குக் கேட்டானா, உண்மையாகக் கேட்டானா, எனக்குத் தெரியாது. நான் ஓடிப்போய் அந்தக் குழையைப் பிய்த்து எறிந்தேன். "அம்மாள்ர குழை, புள்ள, பிய்க்காத!" என்று உள்ளேயிருந்து என் கணவர் கத்தினார். நான் நிறுத்தவில்லை. ஒரு இலை விடாமல் பிய்த்தேன். அவர் மடங்காத காலை இழுத்துக்கொண்டு வந்து, தம்பியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

தம்பி சாப்பிட்டான், அத்தானோடு மழையைப் பற்றிப் பேசினான். இடியன் தொங்கிய சுவரில் இரண்டு முளைகள் வெறுமையாக நின்றன. எழும்பிப் போகும்போது ஒன்றில் தொங்கப் போட்டிருந்த தன் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை வந்தான். துவக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருதரம் கேட்டிருந்தால், "உனக்குத்தான்டா அது, உனக்கே தந்திருக்கோணும்" என்று சொல்லியிருப்பேன். அவன் கேட்காமலே கண்ணை மூடிவிட்டான். நானும் சொல்லவில்லை.