திருவாட்டி லோகநாயகி போட்ட வரிசை

எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பரிசளிப்பு விழாக் குழு, சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் முக்கியமான முடிவு ஒன்றை எடுத்தது. இனி கணிதப் பாடத்துக்கான பரிசு, அறிவியல் பாடத்துக்கான பரிசுக்கு முன்னதாக வழங்கப்படும். நாற்பது நிமிட விவாதத்தையும் இரண்டு வாக்கெடுப்புகளையும் ஒரு தேநீர் இடைவேளையையும் கடந்து நாங்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். அறிவியல் கணிதத்தின் தோளில்தான் நிற்கிறது என்று அறிவியல் துறைத் தலைவரே ஒப்புக்கொண்டார். வரலாற்று ஆசிரியர் வாக்களிக்கவில்லை. பிற்காலத்தவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்பது அவருடைய நிலைப்பாடு.

குழுவின் செயலாளன் என்ற முறையில் அந்த முடிவைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு இட்டுக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அதிர்ந்தது. “அம்மா இன்று காலையில் தவறிவிட்டார்கள், சார். உங்களுக்குச் சொல்லச் சொல்லியிருந்தார்கள்” என்று திருவாட்டி லோகநாயகியின் மகள் எழுதியிருந்தார். அந்த அடிக்கோடு பாதியில் நிற்கிறது. பிறகு நான் அதை நீட்டவில்லை.

இந்தப் பள்ளியில் படித்த, கற்பித்த உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அலுவலகத்தின் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். தாமதமாக வந்தவர்களிடம் காரணம் கேட்காமலேயே சீட்டு எழுதித் தருவார். ஆசிரியர்கள் பலர் வந்து போனார்கள், முதல்வர்கள் ஐந்து பேர் வந்து போனார்கள், அவர் அதே நாற்காலியில் இருந்தார். எங்களுக்கு அவர் ‘மிஸஸ் லோகா’. பரிசளிப்பு விழாவில் எந்தப் பரிசுக்குப் பின் எந்தப் பரிசு என்ற வரிசையைப் போடுவது அவர் வேலை. அந்த வேலையை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

அந்த வரிசையைப் பார்த்துத் திகைக்காதவர்கள் இருக்க முடியாது. ஆங்கிலத்துக்குப் பின் சாரணர் இயக்கம் வரும். மலாய் மொழிக்கும் வேதியியலுக்கும் நடுவே சிறந்த மாணவர் தலைவர் வந்து நிற்பார். கணிதம் ஒரு வருடம் முதலில் வரும், அடுத்த வருடம் உணவும் ஊட்டச்சத்தும் என்ற பாடத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். விழா நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுப்பதும் மேடையில் பெயர்களை வாசிப்பதும் என் பொறுப்பு. நான் ஒழுங்கை நேசிப்பவன். ஒருநாள் அவர் சன்னலுக்கே போய், இது என்ன வரிசை என்று கேட்டேன்.

“உங்களுக்கு என்ன சார் அவசரம்? நீங்க காலையில இருந்து ஸ்கூல்லதானே இருக்கீங்க” என்றார்.

அது திமிரான பதில் என்று எடுத்துக்கொண்டேன். என் கேள்விக்கான முழு விடையும் அதுதான் என்று தெரிய நான்கு ஆண்டுகள் ஆயின.

அந்த நான்காம் ஆண்டில் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு மாதம் விடுப்பு. வரிசை என் கைக்கு வந்தது. அறிவின் படிநிலை குறித்து மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். மொழிகள் முதலில், அடுத்து கணிதம், பிறகு அறிவியல், பிறகு வரலாறு, புவியியல் போன்ற பாடங்கள், இறுதியாகத் தலைமைத்துவமும் சேவையும். முதல்வர் அதைப் படித்துவிட்டு, இந்தப் பள்ளிக்கு இப்போதுதான் ஒரு சிந்தனை வந்திருக்கிறது என்றார். விழாவும் கடிகாரம் போல நடந்தது. கணிதப் பரிசை மாணவர் மன்றத் தலைவி பவித்ரா ஒன்பது இருபத்தைந்துக்குப் பெற்றுக்கொண்டார்.

பத்து இருபத்தைந்துக்கு, தொழிற்சாலைச் சீருடையில் ஒருவர் பக்கக் கதவு வழியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். காலில் கனமான பாதுகாப்புக் காலணி. வந்ததுமே கைப்பேசியை எடுத்து மேடையை நோக்கி உயர்த்திப் பிடித்துக்கொண்டார். வரலாறு போயிற்று, புவியியல் போயிற்று, முதலுதவிப் படை போயிற்று. அவர் கை இறங்கவில்லை. பள்ளிப் பாடல் முடிந்து மண்டபம் காலியான பிறகு என்னிடம் வந்தார்.

“சார், கணக்குப் பரிசு எப்ப சார் குடுப்பீங்க?”

முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தார். வைத்த இடம் சரியில்லாததுபோல மறுபடி எடுத்து வேறு பையில் வைத்தார்.

“பரவால்ல சார். போன வருஷம் கரெக்டா வந்துட்டேன், அதான். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் பூன் லே ஸ்டேஷன்ல இறக்கி விடும், அங்கேர்ந்து எம்ஆர்டி ரயில். ஆபீஸ் மேடம் இந்தத் தடவை போன் பண்ணலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அப்போது பவித்ரா கேடயத்தோடு வந்தார். “அப்பா, பரவால்லப்பா. நல்லாவே இல்ல, ரொம்ப போரிங்” என்றார். நானூறு பேர் முன்னால் பேச அஞ்சாத பிள்ளை, அந்த ஒரு பொய்யைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

அன்று மாலையே தோ பாயோவில் இருந்த மிஸஸ் லோகாவின் வீட்டுக்குப் போனேன். காலைத் தலையணை மேல் நீட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“எத்தனை மணிக்கு வந்தாரு?”

“பத்து இருபத்தைந்து.”

“கரெக்டாதான் வந்திருக்காரு.”

பிறகு, மகளிடம் சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் செய்தார். நம் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் அதே நீல அட்டை நோட்டு. பரிசு பெறும் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் அப்பா, அம்மாவின் வேலை நேரம், வரும் பஸ் எண், மாற வேண்டிய நிலையம் எல்லாம் இருந்தன. ஓர் அம்மா, பள்ளியிலிருந்து மூன்று நிமிட நடையில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்பவர், இடைவேளை பத்தரையிலிருந்து இருபது நிமிடம். ஒரு தாத்தாவுக்குப் பத்து மணிக்கு டயாலிசிஸ், ஆகவே பேரனின் பரிசு வரிசையில் முதலாவது. ஒவ்வோர் ஆண்டும் வீடு வீடாகப் போன் செய்து கேட்டு, அதற்கு ஏற்றபடி வரிசை போட்டிருக்கிறார். நான் தேடிய படிநிலை இதுதான்.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா கமிட்டி போடுவீங்க சார். கமிட்டி போட்டா ஃபாரம் வரும். ‘உன் அப்பா என்ன ஷிஃப்ட், அம்மா எந்த எடத்துல கூட்டுறாங்க’ன்னு ஃபாரம்ல கேட்டா, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் எந்தப் புள்ளை எழுதும்?”

அத்தோடு விடவில்லை. மறுநாளே பவித்ராவின் அப்பாவுக்குப் போன் செய்து, விழாவில் எடுத்த படங்கள் சரியாக விழவில்லை, சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தால் மறுபடி எடுத்துவிடலாம் என்றார். படங்கள் எல்லாம் அருமையாக விழுந்திருந்தன. முதல்வரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை முதல்வர் கோட்டு அணிந்து வந்தார். மேடையில் பதாகை தொங்கியது. மிஸஸ் லோகா ஊன்றுகோலோடு வந்து சிறப்பு விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டார்.

“என்ன சார் நிக்கிறீங்க? வாசிங்க லா. முழுசா வாசிக்கணும், அன்னிக்கு வாசிச்ச மாதிரி.”

நானூறு காலி நாற்காலிகளுக்கு முன்னால் பவித்ராவின் சாதனைகளை முழுமையாக வாசித்தேன். பவித்ரா நடந்து வந்தார், வணங்கினார், கேடயத்தை வாங்கினார். தேய்த்த சட்டையில் வந்திருந்த அவருடைய அப்பா எழுந்து நின்று கைதட்டினார். கைதட்டியதில் படம் எடுக்க மறந்துவிட்டார். ஆகவே மறுபடியும் கொடுத்தோம். அந்த ஆண்டு பவித்ரா ஒரே பரிசை மூன்று முறை பெற்றார். பள்ளிப் பதிவேட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. அவர் வரிசையைப் போடுவார். அதற்குத் தத்துவம் எழுதுவது நான். ‘பாடங்களுக்கு இடையிலான சுவர்களைத் தகர்த்து, அறிவையும் சேவையையும் பின்னிப் பிணைக்கும் வரிசை’ என்று ஒரு வருடம் எழுதினேன். சிறப்பு விருந்தினர் அந்த வாக்கியத்தைத் தம் உரையில் எடுத்தாண்டு, மற்றப் பள்ளிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மிஸஸ் லோகா பின்வரிசையில் நின்று என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதைப் பார்த்து என்னால்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்னொரு வருடம் வந்த விருந்தினர் தலைமைத்துவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தலைவனுக்குரிய பண்புகள் பத்து என்றார். நான்காவது பண்பில் இருக்கும்போது மணி பத்து முப்பத்துநான்கு ஆகிவிட்டது. ஹோட்டலில் வேலை செய்யும் அந்த அம்மா பக்கக் கதவருகே வந்து நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகனுக்குத்தான் சிறந்த மாணவர் தலைவர் விருது. ஐந்தாவது பண்பின் நடுவில் ஒலிபெருக்கி நின்றுபோயிற்று. விருந்தினர் ஒலிவாங்கியை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, புன்னகையோடு அமர்ந்தார். நான் எழுந்து மாணவர் தலைவர் விருதை அறிவிக்கும்போது ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. அந்த அம்மா இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார், பிறகு வந்த வழியே விரைந்து போனார். விழா முடிந்து, ஒலிபெருக்கிக்கு என்ன ஆயிற்று என்று முதல்வர் விசாரித்தபோது, “சூடாயிடுச்சு சார், ரெஸ்ட் குடுத்தேன்” என்றார் மிஸஸ் லோகா.

பணி ஓய்வு பெற்ற பிறகும் அவர் இதை விடவில்லை. பரிசு பெறுவோர் பட்டியலை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். முறைப்படி அது தவறுதான். தோ பாயோவில் இருந்துகொண்டே வீடுகளுக்குப் போன் செய்து, நேரங்களைக் கேட்டு, வரிசையை எனக்கு அனுப்புவார். இந்த ஆண்டு அவர் உடல்நிலை சரியில்லாததால் நான் தயங்கினேன். “பட்டியல் எங்க சார்? படுத்துக்கிட்டே போன் பேச முடியாதா?” என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வரிசை வருவதற்குள் குழு கூடிவிட்டது. கணிதம் முன்னே போய்விட்டது.

அவர் உடலை அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் சீருடையில் இருந்தார்கள். ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள், ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள். பவித்ராவின் அப்பா ஓரமாக நின்று பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதைச் செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. “மேடம் நம்மளையும் ஒரு ஆளா நெனச்சு டைம் கேப்பாங்க சார். வேற யாரும் நம்மகிட்ட டைம் கேக்க மாட்டாங்க, டைமுக்கு வரலைன்னுதான் சொல்லுவாங்க” என்றார்.

லோகநாயகியின் மகள் என்னிடம் நீல அட்டை நோட்டைக் கொடுத்தார். “உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க சார். என்ன எழுதியிருக்குன்னே எனக்குப் புரியல. எல்லாம் பஸ் நம்பரா இருக்கு.”

கடைசிப் பக்கத்தில் இந்த ஆண்டுப் பட்டியல் இருந்தது. எழுத்து சரிந்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. பெரும்பாலான பெயர்களுக்கு எதிரில் நேரம் எழுதியிருந்தார். கணிதத்துக்கு எதிரில், ‘அப்பா பஸ் ஓட்டுகிறார். 10.30க்கு முடியும். 10.50க்கு மேல்’ என்றிருந்தது. ஐந்து பெயர்கள் மட்டும் காலியாக இருந்தன.

அந்த ஐந்து வீடுகளுக்கும் நான் போன் செய்தேன். பள்ளியிலிருந்து பேசுகிறேன் என்றதும் முதல் வீட்டு அம்மா, “ஐயோ, என்ன சார் பண்ணான்?” என்று பதறினார். அப்போதுதான் மிஸஸ் லோகா எப்படித் தொடங்குவார் என்பது நினைவுக்கு வந்தது. தமிழில், ஆங்கிலத்தில், சந்தை மலாயில், அரைகுறை ஹொக்கியன் சீனத்தில், எந்த வீட்டுக்குப் பேசினாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: “பயப்படாதீங்க, நல்ல விஷயம்தான்.” பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் சொல்வார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்த வாக்கியமும் இந்த நோட்டும். நான்கு மொழிகளில் இரண்டுதான் எனக்கு வருகின்றன. மற்ற இரண்டிலும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

குழுவை மறுபடி கூட்டச் சொல்லிக் கடிதம் எழுதினேன். கணிதம் அறிவியலைத் தாங்கி நிற்பது உண்மையானால், அடித்தளத்தை முதலில் காட்டுவது கட்டடக் கலைக்கே முரணானது என்று வாதிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். வரலாற்று ஆசிரியர் இந்த முறை வாக்களித்தார்.

விழா கடந்த வெள்ளிக்கிழமை நடந்தது. கணிதத்துக்கான பரிசு, உணவும் ஊட்டச்சத்தும் பாடத்துக்கும் சாரணர் இயக்கத்துக்கும் நடுவில், பத்து ஐம்பத்திரண்டுக்கு வழங்கப்பட்டது.