டாடிக்கு என்ன சம்பளம்?

வங்கியில இருந்த அந்தத் தம்பி ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார். "கடன் கிடைச்சுடும் மேடம், கவலையே படாதீங்க. வீட்டுப் பத்திரத்தை மட்டும் கொண்டு வந்துடுங்க." ஏதோ ஆதார் கார்டு காப்பி கேக்கற மாதிரி கேட்டார். எனக்கு அந்த ஏசியிலயும் முதுகு வேர்த்துடுச்சு.

ரெண்டு வருஷம் முன்னால நடந்தது இது. எங்க பொண்ணு இன்ஜினியரிங் முடிச்சிருந்தா. ஒரே பொண்ணு. அமெரிக்காவுல மேல்படிப்புக்கு அட்மிஷன் வந்துடுச்சு. படிப்பு, ரூம், சாப்பாடுன்னு எல்லாம் சேர்த்து அறுபது லட்சம் ஆகும். நான் சாந்தோம் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சர். வீட்டுக்காரர் ராயப்பேட்டையில ஒரு மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கணக்குப் பாக்கறார். ரெண்டு பேருக்கும் பென்ஷன் கிடையாது. சொத்துன்னு சொல்லிக்க மந்தைவெளியில ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒண்ணு. அதுக்கு வாங்கின கடனே முந்தின வருஷம்தான் முடிஞ்சிருந்துச்சு.

வீட்டுக்காரர் அன்னைக்கு பஸ்ஸுலயே முடிவு பண்ணிட்டார். "பத்திரத்தைக் கொடுத்துடுவோம். வீடு யாருக்கு? அவளுக்குத்தானே? போகும்போது தலையில கட்டிக்கிட்டா போகப்போறோம்?"

"போகும்போது சரி. அதுவரைக்கும் எங்க படுக்கறது? லஸ் முனையிலயா?"ன்னு கேட்டேன். முன் சீட்டுல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும். எனக்குக் கோபம் வந்தா குரல் தானா ஏறிடும். வருஷக்கணக்கா எட்டாம் கிளாஸ் பிள்ளைங்களை மேய்ச்ச தொண்டை.

கோபம்னு சொல்றேனே தவிர, அது முழுக்க பயம். அவ படிச்சு முடிச்சும் வேலை கிடைக்கல, தவணை நிக்குது, எங்க ஃபிளாட் கதவுல வங்கிக்காரன் நோட்டீஸ் ஒட்டறான், எதிர் வீட்டுக்காரங்க கதவை லேசாத் திறந்து எட்டிப் பாக்கறாங்க. இதுதான் கண்ணை மூடினா வரும். ஒரே விடைத்தாளை ரெண்டு தடவை திருத்தி ரெண்டு விதமா மார்க் போட்டது, ஒரு பையன் கேட்டப்புறம்தான் தெரிஞ்சது.

இதுல பொண்ணுகிட்ட மட்டும் மூச்சு விடல. எங்க வீட்டுல அது சட்டம் மாதிரி. பிள்ளை காதுல பணப் பேச்சு விழக் கூடாது. ஃபீஸ் கட்டற சமயத்துல நாங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுல நின்னு கிசுகிசுன்னு பேசுவோம். அவ உள்ள வந்தா, "மழை வரும் போல இருக்கே"ன்னு பேச்சை மாத்திடுவோம். எங்க வீட்டுல மே மாசம் உச்சி வெயில்ல கூட மழை வரும்.

அவளோ பறந்துக்கிட்டிருந்தா. சிநேகிதிங்களோட தி.நகர் போய் பெரிய சூட்கேஸா வாங்கிட்டு வந்துட்டா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயிலை விட்டு வெளிய வந்தா, "என்ன டீச்சர், பொண்ணு அமெரிக்கா போறாளாமே, ட்ரீட் எங்க?"ன்னு ஆளாளுக்குப் பிடிச்சுக்கிட்டாங்க. "எல்லாம் மாதா கிருபை"ன்னு சிரிச்சு சிரிச்சு எனக்குத் தாடை வலிச்சது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு? போகலன்னா இதே வாய்ங்க என்ன பேசும்னு அந்தக் கவலை வேற சேர்ந்துக்கிச்சு.

என் கூட வேலை பாக்கற கணக்கு டீச்சர்தான் சொன்னாங்க, தி.நகர்ல ஒரு நிதி ஆலோசகர் இருக்காங்கன்னு. பாலிசி விக்கறது, ஃபண்டு விக்கறது எதுவும் கிடையாதாம். யோசனை மட்டும் சொல்வாங்களாம், அதுக்கு ஃபீஸாம். வீட்டுக்காரர் கேட்டுட்டு சிரியோ சிரின்னு சிரிச்சார்.

"எங்கிட்ட காசு இல்லன்னு எனக்கே தெரியும். அதைச் சொல்றதுக்கு இன்னொருத்தருக்குக் காசு தரணுமா?"

"டாக்டருக்குத் தர்றீங்கல்ல?"

"அவர் ஊசியாவது போடறார்."

கடைசியில என் முகத்தைப் பாத்துட்டுதான் வந்தார். ஒரு பாத்திரக் கடைக்கு மேல மாடியில சின்ன ஆபீஸ். கீழ எவர்சில்வர் சாமான் இறக்கற சத்தம் மேல வரைக்கும் கேக்கும். அந்தம்மாவுக்கு நாப்பது வயசு இருக்கும். உக்காரச் சொன்னாங்க, தண்ணி கொடுத்தாங்க, சிரிப்பு மட்டும் இல்ல. எங்க சம்பளம், பி.எஃப்., நகை, இன்சூரன்ஸ் எல்லாம் ஒண்ணொண்ணாக் கேட்டாங்க. "இன்னும் எத்தனை வருஷம் வேலை பாப்பீங்க சார்?"னு கேட்டதுக்கு இவர் ஜம்பமா, "கை கால் ஓடற வரைக்கும்"னார்.

"அது எத்தனை வருஷம் சார்?"

அவர் ஃபேனைப் பாத்தார். அந்தம்மா, "பொண்ணு எங்க?"ன்னு கேட்டாங்க.

"அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது மேடம்"னு நான் சொன்னேன்.

"அதனாலதான் கேக்கறேன். கடன் அவங்க பேர்ல. அடமானம் உங்க வீடு. அடைக்கப்போறது அவங்க சம்பாத்தியம். அவங்களை வெளிய வெச்சுட்டு நான் பேசினா அது அரைகுறை யோசனை. புதன்கிழமை மூணு பேருமா வாங்க."

வெள்ளிக்கிழமைக்குள்ள காலேஜுக்கு முன்பணம் கட்டியாகணும். கட்டினா திரும்பி வராது. இவங்க புதன்கிழமைங்கறாங்க. எனக்கு வந்துச்சே கோபம்! "ஃபீஸையும் வாங்கிக்கிட்டு, மறைச்சு வெச்ச குடும்பக் கதையை பிள்ளைகிட்ட போட்டு உடைங்கன்னு சொல்றாங்களே, இது என்ன நியாயம்?"னு படி இறங்கும்போதே புலம்பினேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து என் பேச்சுக்கு எதிர்ப் பேச்சுப் பேசற மனுஷன் அன்னைக்குத்தான் "கரெக்ட்டு"ன்னார்.

ஆனா என்ன செய்ய? யார்கிட்டயாவது கேக்காம கையெழுத்துப் போட எனக்கு தைரியம் இல்ல. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு அத்தனை பிள்ளைங்களுக்கு சொல்லிக்கொடுத்தவ நான். புதன்கிழமை, "கடன் விஷயமா ஒரு சின்ன சந்தேகம், நீயும் வாம்மா"ன்னு பொய் சொல்லாத மாதிரி ஒரு பொய் சொல்லி அவளைக் கூட்டிக்கிட்டுப் போனோம்.

அந்தம்மா அவளை நடு நாற்காலியில உக்கார வெச்சாங்க. எடுத்த எடுப்புலயே கேட்டாங்க. "உங்க அப்பாவுக்கு மாசம் என்ன சம்பளம்னு தெரியுமா?"

அவ எங்களைப் பாத்து சிரிச்சா. "டாடிக்கா? ஒரு லட்சம் இருக்கும். என்ன டாடி, கரெக்ட்டா?"

மாதாவே, நான் உக்காந்திருந்த நாற்காலியோட கீழ போயிடக் கூடாதான்னு இருந்துச்சு. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சிருக்கோம். இத்தனை வருஷமா அது வெளிய தெரியாம பரிமாறினதுல எனக்கு ஒரு பெருமை கூட இருந்துச்சு, இப்ப சொல்றதுக்கு என்ன. ஃபீஸ் ஒரு நாள் தாமதமாக் கட்டினதில்ல, கிறிஸ்மஸுக்குப் புது டிரெஸ் இல்லாம இருந்ததில்ல. அவ வேற எப்படி நினைப்பா?

இவர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டார். "முப்பத்தெட்டு, பாப்பா."

"முப்பத்தெட்டு என்ன?"

"ஆயிரம்."

அவ சிரிப்பு அப்படியே முகத்துல நின்னுடுச்சு. "மம்மிக்கு?"ன்னு என்னைப் பாக்காமலே கேட்டா. இருபத்தொம்பதுன்னு சொன்னேன். அந்தச் சின்ன ரூம்ல அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு கூச்சமா இருந்துச்சு, சொந்தப் பிள்ளை முன்னாலயே.

அந்தம்மா யாருக்கும் ஆறுதல் சொல்லல. கம்ப்யூட்டரை அவ பக்கம் திருப்பி வெச்சாங்க. படிப்பு முடிஞ்சதும் கட்டவேண்டிய மாசத் தவணை அதுல இருந்துச்சு. எங்க ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்துப் போட்டாலும் பத்தல. "உங்களுக்கு வேலை கிடைச்சா நீங்களே கட்டிடுவீங்க. அது மூணு மாசத்துலயும் கிடைக்கலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அந்த ஊர்ல தொடர்ந்து இருக்கறது நம்ம கையில இல்ல. நடுவுல வர்ற மாசங்களுக்கு யார் கட்டறது?"ன்னாங்க. பொண்ணு திரையைப் பாத்துக்கிட்டே இருந்தா.

"போகாதீங்கன்னு நான் சொல்லல"ன்னு அந்தம்மாவே தொடர்ந்தாங்க. "இதே வருஷம், இதே காலேஜ், இந்த வீட்டை வெச்சு. இது மூணும் ஒண்ணா வேணாம். ஏற்கெனவே கிடைச்சிருக்கற வேலையில ரெண்டு வருஷம் இருங்க. செலவு கம்மியான காலேஜாப் பாருங்க. உங்க சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்குங்க. வீடு போனா இவங்க வயசுல இன்னொண்ணு வாங்க முடியாது."

தரமணியில ஒரு கம்பெனி அவளை எடுத்திருந்துச்சு, அதை முதல் தடவையே அந்தம்மாகிட்ட சொல்லியிருந்தோம். அதை வேணாம்னு சொல்ல அவ மெயில் கூட எழுதி வெச்சிருந்தா, அனுப்பலை.

கீழ இறங்கி, பாண்டி பஜார் நடைபாதையில அவ விறுவிறுன்னு முன்னால போனா. நான் மூச்சிரைக்க ஓடிப் பிடிச்சேன்.

"ஏன் மம்மி சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? படிக்கற பிள்ளை…"

"நான் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முடியாதுன்னு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல? கோயில்ல அத்தனை பேர்கிட்டயும் போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டு… நான் என்ன லூசா?"

"இல்லன்னு சொல்லவாடி உன்னைப் பெத்தோம்?"

"ஆமா! சொல்லணும்!"

அவளுக்கும் என் தொண்டைதான். ஜூஸ் கடையில நின்னவங்க டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே எங்களைப் பாத்தாங்க. இவர் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார். வீடு வர்ற வரைக்கும் ஆட்டோக்காரர் மட்டும்தான் பேசினார்.

வியாழக்கிழமை முழுக்க அவ ரூம் கதவு சாத்தியே இருந்துச்சு. தட்டினா, "சாப்பிட்டேன்"னு உள்ளேர்ந்து பதில் வரும். இவர் பீரோவைத் திறந்து பத்திரம் இருந்த மஞ்சப்பையை எடுத்து மேஜை மேல வெச்சார். "அவ மூஞ்சியைப் பாக்க முடியல. கொடுத்துடறேன்"னார். நான் எடுத்து உள்ள வெச்சேன். பால் வாங்கிட்டு வந்து பாக்கறேன், மறுபடியும் மேஜை மேல இருக்கு. திட்டக் கூட தெம்பில்ல எனக்கு. போனா வீடு போயிடுமோன்னு பயம், போகலன்னா வாழ்நாள் முழுக்க அவ எங்களை மன்னிக்க மாட்டாளோன்னு பயம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தப்போ இவரும் கடையிலேர்ந்து சீக்கிரமே வந்திருந்தார். பொண்ணு மூணு பேருக்கும் டீ போட்டு மேஜையில வெச்சுட்டு, லேப்டாப்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காந்தா.

"சொல்லுங்க டாடி. மாசாமாசம் எது எதுக்குப் போகுது? எதையும் விடாம சொல்லுங்க."

"மழை வரும் போல…"ன்னு இவர் விளையாட்டாத்தான் ஆரம்பிச்சார். அவ சிரிக்கலை. அப்புறம் சொன்னார். ஃபிளாட் மெயின்டெனன்ஸ், கரண்ட், மளிகை, நான் பி.எஃப்.ல எடுத்த கடனுக்குப் பிடிக்கறது, அவர் தங்கச்சிக்கு அனுப்பறது. அவ ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டிக்கிட்டே வந்தா. "மருந்து?"ன்னு கேட்டா.

"மருந்து இப்ப முன்ன மாதிரி இல்ல. பாதிதான் ஆகுது."

"ஏன் பாதி?"

"சுகர் மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறேன். நல்லாத்தான் இருக்கேன், ஒண்ணும் தெரியல."

அவருக்குப் பத்து வருஷமா சுகர். போன தடவை டாக்டர் மாத்தி எழுதின மாத்திரை கொஞ்சம் விலை கூட. தினம் போடணும்னு என் முன்னாலதான் சொன்னார். நான் டீ டம்ளரைக் கீழ வெச்சேன். "எப்பலேர்ந்து?"

"பாப்பாவுக்கு அட்மிஷன் வந்ததுலேர்ந்து."

நானும் அவரும் சேர்ந்து பிள்ளைகிட்ட மறைக்கறோம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இந்த மனுஷன் எங்கிட்டயே மறைச்சிருக்கார். ஒரே வீட்டுல, ஒரே மேஜையில, என் கண்ணு முன்னால. "அடப்பாவி மனுஷா! நீ போயிட்டா அவ பட்டத்தை நான் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கவா?"ன்னு அவர் தோளைப் பிடிச்சு உலுக்கினேன். அழுதேன், திட்டினேன், மறுபடியும் அழுதேன். வீடு போயிடும் வீடு போயிடும்னு நடுங்கிக்கிட்டிருந்தவளுக்கு ஆள் தேஞ்சுக்கிட்டிருந்தது தெரியல. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கலை.

பொண்ணு லேப்டாப்பைத் திறந்து தட்ட ஆரம்பிச்சா. அந்த அமெரிக்கா காலேஜுக்கு, வரலன்னு எழுதறான்னு அவ முகத்தைப் பாத்தே தெரிஞ்சது. இவர் எழுந்து நின்னுட்டார்.

"பாப்பா, இரும்மா. இன்னும் நேரம் இருக்கு. யோசிக்கலாம்."

"யோசிச்சுட்டேன் டாடி."

அனுப்பிட்டு மூடி வெச்சா. "டாக்டர் எழுதிக் கொடுத்தது எங்க மம்மி?"ன்னு கேட்டு வாங்கிக்கிட்டு, அப்படியே செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போனா.

மெடிக்கல் ஷாப் எங்க தெரு முனையிலதான் இருக்கு. அவ வர ரொம்ப நேரமாச்சு. நான் பால்கனிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன். திரும்பி வந்தப்போ முகமெல்லாம் வீங்கி, கண்ணு சிவந்திருந்துச்சு. ரோட்டுலயே அழுதுட்டு வந்திருக்கா. ஆசைப்பட்டது போச்சே பிள்ளைக்கு. கட்டிப்பிடிக்கலாம்னு போனேன், அவ கை நீட்டித் தடுத்துட்டா.

அட்டையைப் பிரிச்சு ஒரு மாத்திரையை அவர் உள்ளங்கையில வெச்சு, தண்ணி ஊத்திக் கொடுத்து, எதிர்லயே நின்னா. அவர் முழுங்கினார். முழுங்கிட்டு, அவளைச் சிரிக்க வைக்கறதுக்காக, மருந்து குடிச்ச குழந்தை மாதிரி வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார்.

அவ சிரிக்கலை.

"நாளைக்கும் போடணும் டாடி"ன்னா.